தெரிந்தே கேட்பவர்கள்

கடிதம் மகளின் பள்ளிப் பையின் அடியில், பாதி தின்ற ஆப்பிளுக்கும் ஒற்றைக் கையுறைக்கும் நடுவில் கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் காகிதங்கள் எப்போதும் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும், மடித்துத் திணித்திருப்பார்கள். இது வெள்ளை, உறை போட்டு ஒட்டியிருந்தது. ஃபெர்மினா வெள்ளை உறையை நம்புவதில்லை. கணவன் மத்தியாஸை நாட்டைவிட்டு அனுப்பியதற்கான தாளும் அப்படி ஓர் உறையில்தான் வந்தது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. உறையை நான்காக மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். அந்த ஊரில் வேலை என்றால் மாட்டிறைச்சி ஆலை ஒன்றுதான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நெப்ராஸ்காவின் அந்த மூலையில் அதன் நாற்றம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் தெல்ஃபினாவின் எதிரே உட்கார்ந்து உறையை நீட்டினாள். தெல்ஃபினா ஹோண்டுராஸ்காரி, அவளுக்குப் பக்கத்தில் நின்று எலும்பு நீக்குபவள். இருவரும் பேசிக்கொள்வது ஆலைக்குள் புழங்கும் ஸ்பானிஷ். ஃபெர்மினாவுக்கு அதில் கத்தி, சீக்கிரம், வலி, கழிப்பறை, லீவு இவ்வளவும் சரளமாக வரும், மற்றதை உடைத்து உடைத்துப் பேசுவாள், பேசுவதைவிட அதிகம் புரியும். அவள் பிறந்து வளர்ந்த பேச்சு மாம். குவாத்தமாலா மலைகளில் பேசுவது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அப்படி ஒரு மொழி இருப்பதே தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அனுப்பும் காகிதமெல்லாம் ஸ்பானிஷில்தான் வரும்.

தெல்ஃபினா கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். படிக்கப் படிக்க வாயில் இருந்ததை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"உன் பொண்ணு ஆறு மாசமா ஸ்கூல்ல ஒரு வார்த்தை பேசலையாம்டி. இங்கிலீஷும் இல்ல, ஸ்பானிஷும் இல்ல. ஒரு டாக்டர் வந்து சோதனை பண்ணியிருக்காரு. புத்தி வளர்ச்சில குறை இருக்கும்போலன்னு எழுதியிருக்கு. வேற ஸ்கூல்ல தனி வகுப்பாம். வியாழக்கிழமை நாலு மணிக்கு நீ போய்க் கையெழுத்துப் போடணும்."

"போடலன்னா?"

"அது எழுதல." தெல்ஃபினா காகிதத்தை மடித்தாள். பக்கத்து மேசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கான்சஸ்ல ஒருத்திக்கு இப்படித்தான் ஆச்சு. பிள்ளை பேசலன்னா, தாய் வீட்ல வளர்க்கற லட்சணம் சரியில்லன்னு அர்த்தமாம். வீட்டுக்கு ஆள் வந்துச்சு. பிள்ளைய வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டாங்க."

"நீ பாத்தியா?"

"சொன்னாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். சரி விடு, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத, செத்த மாடு மாதிரி. உன் பொண்ணு வீட்ல பேசறாளா?"

"காது வலிக்கற அளவுக்கு."

"அப்புறம் என்ன கேடு அவளுக்கு, ஸ்கூல்ல மட்டும் நாக்க முழுங்கிட்டாளா?"

ஃபெர்மினா கடிதத்தை வாங்கி மறுபடி மார்புக்குள் வைத்தாள். என்ன கேடு என்று அவளுக்குத் தெரியும். பேசாதே என்று சொன்னதே அவள்தான்.

செப்டம்பரில் நடந்தது. மகள் தொமாசா பள்ளிக்கூடம் போகத் தொடங்கி மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் காரை நிறுத்தியது. மத்தியாஸ் தன் அட்டையைக் கொடுத்தான். அதில் ரமோன் ஒச்சோவா என்று இருந்தது. இந்த நாட்டில் இருக்கத் தாள் இல்லாததால் அந்த இரவல் பெயரில்தான் ஆலையில் வேலை. அந்த ஆலையில் பாதிப் பேர் இரண்டு பெயர்களோடு நடமாடுகிறவர்கள், யாரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. போலீஸ்காரன் இளைஞன், கோபமாகக்கூட இல்லை. குனிந்து பின்சீட்டில் இருந்த தொமாசாவைப் பார்த்துச் சிரித்து என்னவோ கேட்டான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தெளிவான இங்கிலீஷில் பதில் சொன்னாள். என் பெயர் தொமாசா. என் அப்பா பெயர் மத்தியாஸ். என் அம்மா பெயர் ஃபெர்மினா. நாங்கள் குவாத்தமாலாவிலிருந்து வந்தோம்.

அந்த வாரம் மிஸ் ஹோல்ம் வகுப்பில் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று தன் குடும்பத்தைச் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் வீடும் வகுப்புக்குள் வர வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. நல்ல ஆசைதான். மத்தியாஸ் அன்று காரைவிட்டு இறங்கியவன் திரும்பி வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபெர்மினா மகளின் தாடையைப் பிடித்து, ஸ்கூல்ல யார் எது கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் என்னையும் கொண்டுபோய் விடுவார்கள் என்றாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பாள். ஆறு வயதுப் பிள்ளை ஆறு மாதமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. தொமாசா பக்கத்தில் முக்காலி போட்டு நின்று மாவை உருட்டித் தட்டினாள். தட்டும்போது வாய் ஓயாது.

"அந்த டாக்டர் என்ன பண்ணாரு?" என்று கேட்டாள் ஃபெர்மினா.

"ஒரு அட்டைல ஆப்பிள் படம் காட்டி என்ன கலர்னு கேட்டாரும்மா."

"அவருக்குத் தெரியாதாமா?"

"தெரியும். கண்ணாடி போட்டிருந்தாரே. அப்புறம் நாய் படத்தக் காட்டி இது என்னன்னு கேட்டாரு. பாவம் மிஸ் ஹோல்முக்கும் ஒண்ணும் தெரியாது. தெனம் காலைல இன்னிக்கு என்ன கிழமைன்னு கேப்பாங்க. செவுத்துலயே எழுதியிருக்கும்மா, அவங்களே எழுதினது."

ஃபெர்மினாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அவள் வளர்ந்த வீட்டில் எந்தப் பெரியவரும் தனக்குத் தெரிந்ததைப் பிள்ளையிடம் கேட்டதில்லை. பிள்ளை பக்கத்தில் நிற்கும், கையைப் பார்க்கும், ஒருநாள் தானே செய்யும். தெரிந்ததைக் கேட்பவர்கள் இரண்டு வகைதான்: அவமானப்படுத்த நினைக்கிறவர்கள், இல்லாவிட்டால் அரசாங்கத்து ஆட்கள்.

அவள் மூன்று வழிகளை யோசித்தாள். கையெழுத்துப் போட்டால் பிள்ளை எங்கேயோ ஒரு பஸ்ஸில் ஏறி, எங்கேயோ ஒரு கட்டடத்தில் மந்தப் பிள்ளையாக உட்காரும். இரண்டாவது, ஓடிவிடுவது: ஒன்றுவிட்ட அண்ணன் அயோவாவில் இருக்கிறான், புதன்கிழமையே காரைக் கிளப்பினால் ஆறு மணி நேரம். இதைச் சொன்னபோது தெல்ஃபினா தலையில் அடித்துக்கொண்டாள். "ஓடினா காணாமப் போன பிள்ளைன்னு போலீஸுக்குச் சொல்லுவாங்கடி. உன் கார் நம்பரோட தேடுவாங்க." மூன்றாவது வழி, உண்மையைச் சொல்வது. பேசாதே என்று நான்தான் சொன்னேன் என்றால் அடுத்த கேள்வி ஏன் என்பது. அதற்குப் பதில் சொன்னால் மத்தியாஸின் இரண்டு பெயரும் வெளியே வரும். அப்புறம் அவளுடைய இரண்டு பெயரும்.

வியாழக்கிழமை வேலை முடிந்து குளித்து, நல்ல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாள். கையில் மாட்டுக் கொழுப்பு வாசம் போகவில்லை. பள்ளிக்கூட வாசலில் கதவு தானாகத் திறக்காது, மணி அடிக்க வேண்டும். உள்ளே மேசையில் ஒரு சின்ன இயந்திரம். வருகிறவர்கள் அடையாள அட்டையை அதில் வைத்தால் அது படம் பிடித்து ஒரு ஸ்டிக்கர் துப்பும். மேசைக்காரி சிரித்தபடி கையை நீட்டினாள்.

ஃபெர்மினாவிடம் ஒரே அட்டைதான் இருந்தது. ஆலை அட்டை. அதில் லெத்தீசியா என்று இருந்தது. பள்ளிக்கூடக் காகிதத்தில் ஃபெர்மினா. அட்டையைக் கொடுத்தால் மாட்டினாள். கொடுக்காவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், வராத தாய் என்று எழுதுவார்கள். பின்னால் ஒரு வெள்ளைக்காரர் தன் அட்டையோடு வந்து நின்றார். அவள் பைக்குள் கையை விட்டுத் தேடுவதுபோல் தேடிக்கொண்டே இருந்தாள். மேசைக்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடைக்கூடத்திலிருந்து மிஸ் ஹோல்ம் வந்தாள். உயரமான பெண், முப்பது வயதுகூட இருக்காது, கன்னத்தில் மார்க்கர் மை. பைக்குள் தேடிக்கொண்டே இருந்த கையைப் பார்த்தாள், இயந்திரத்தைப் பார்த்தாள். மேசைக்காரியிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு வெற்று ஸ்டிக்கரை எடுத்து அதில் பேனாவால் தொமாசாவின் அம்மா என்று எழுதி ஃபெர்மினாவின் ஸ்வெட்டரில் ஒட்டினாள்.

அறை சிறியது. நாற்காலிகள் பிள்ளைகளுக்கானவை, முழங்கால் மார்பில் இடித்தது. டாக்டர் கிரேபில் வயதானவர், கண்ணாடி போட்டவர், அடுக்கி வைத்த தாள்களின் பின்னால் இருந்தார். தொமாசா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் கண் மட்டும் அசைந்தது. மேசை நடுவில் ஒரு போன். டீச்சர் பொத்தானை அழுத்தினாள். போனிலிருந்து மாம் மொழி வந்தது.

ஃபெர்மினா திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். இந்த ஊரில் மாம் பேசுகிறவர்கள் நாலைந்து வீடு. எல்லோரையும் அவளுக்குத் தெரியும். இது யார் குரலும் இல்லை.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர், எண் நானூத்திப் பதினேழு. இவங்க சொல்றத உங்களுக்குச் சொல்வேன், நீங்க சொல்றத இவங்களுக்குச் சொல்வேன்."

"நீங்க எந்த ஊரு?" என்றாள் அவள்.

"எண் நானூத்திப் பதினேழுங்க்கா."

"யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்கறேன்."

"அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. எங்களுக்கு எண்ணு மட்டும்தான்."

ஃபெர்மினா போனையே பார்த்தாள். ஊர் இல்லாத, அப்பா அம்மா இல்லாத ஒரு குரல். மாம் பேசுகிற ஒருவன் எந்த ஊர், யார் மகன் என்று சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் அவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். மாம் தெரிந்த ஓர் ஆளைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எதற்கு? டாக்டர் ஏதோ கேட்டார், குரல் அதைச் சொன்னது: "வீட்ல எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேக்கறாரு." அவள் பேசவில்லை. "அவ எப்போ நடக்க ஆரம்பிச்சான்னு கேக்கறாரு." பேசவில்லை. டாக்டர் தாளில் ஏதோ குறித்தார். தாயும் மகளும் ஒரே மாதிரி என்று எழுதுகிறார் என்பது அவளுக்கு எந்த மொழியும் தேவைப்படாமலே புரிந்தது.

மிஸ் ஹோல்ம் போனிடம் இங்கிலீஷில் எதையோ கேட்டாள். குரல் தயங்கித் தயங்கி நீளமாகப் பதில் சொல்லிவிட்டு மாமுக்குத் திரும்பியது: "ஊரு, வீடு சொல்லாம நம்ம ஆளுங்க பேச மாட்டாங்கன்னு சொன்னேன்கா." டீச்சர் தன் நாற்காலியை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர் சொல்றாங்க," என்றது குரல், "அவங்க பேரு கேரன் ஹோல்ம். அப்பா பேரு எல்மர், பன்னி வளர்த்தாரு, இப்போ முட்டி வலியில நடக்க முடியல. அம்மா இறந்து நாலு வருஷம். இங்கிருந்து வடக்க பதினாறு மைல்ல அவங்க நிலம். அவங்க தாத்தாவும் வேற நாட்டுலேருந்து வந்த குடும்பம்தானாம், ஸ்கூலுக்குப் போனப்போ இங்கிலீஷ் தெரியாதாம். வீட்டுப் பேச்சப் பேசினதுக்கு வாத்தியாரு மூலையில நிக்க வெச்சாராம்." பிறகு குரல் தன் சொந்தப் பேச்சைப் பேசியது. "அக்கா, எனக்கும் ஊரு இருக்கு. தோதோஸ் சாந்தோஸ். அதுக்கு மேல கேக்காதீங்க, வேலை போயிரும்."

தோதோஸ் சாந்தோஸ். அவள் ஊரிலிருந்து ஒருநாள் நடை. வார்த்தையை இழுக்கிற விதம் அந்தப் பக்கத்து ஆட்களுடையதுதான். பயம் குறையவில்லை. ஆனால் இப்போது எதிரில் இருந்தது ஓர் ஆள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "இங்க கையெழுத்து. திங்கக்கிழமையிலேருந்து புது வகுப்பு, பஸ் வீட்டுக்கே வரும்ங்கறாரு." டீச்சர் குறுக்கே பேசினாள், வேகமாக, முகம் சிவக்க. "டீச்சர் சொல்றாங்க, இவளுக்கு எல்லாம் தெரியும்னு. யாரும் சொல்லாமலே எல்லாரும் கழட்டிப் போட்ட குளிர்க் கோட்ட எடுத்து அவங்கவங்க கொக்கியில மாட்டுவாளாம். யாரும் பாக்காதப்போ பக்கத்துப் பையனோட கணக்க அவளே போட்டுக் குடுக்கறாளாம். டாக்டர் கேக்கறாரு, அப்போ கேட்டா ஏன் பதில் இல்லன்னு. டீச்சருக்கு அது தெரியலையாம். உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க."

இதை அந்த டீச்சர் தெரிந்துகொண்டு கேட்கவில்லை. ஃபெர்மினா அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற முகம்.

பேனா மேசையில் இருந்தது. அதை எடுத்தால் முடிந்துவிடும். யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள், யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். பிள்ளை மட்டும் போகும். அவள் மகளைப் பார்த்தாள். தொமாசா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பேசிவிடுவாளோ என்று அவளுக்குப் பயம்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் ஃபெர்மினா.

போனை நோக்கிக் குனிந்தாள்.

"பேசாதேன்னு நான்தான் சொன்னேன். இவ குறைப் பிள்ளை இல்ல. போலீஸ்காரன் கேட்டான், இவ சொல்லிட்டா. டீச்சர் சொல்லிக்குடுத்த மாதிரியே சொன்னா. அப்பா பேரச் சொன்னா, அட்டைல வேற பேரு இருந்துச்சு. கொண்டுபோயிட்டாங்க."

குரல் அதை இங்கிலீஷில் சொன்னது. மிஸ் ஹோல்மின் கை வாய்க்குப் போனது. டாக்டர் பேனாவைத் திரும்ப எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

தொமாசா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் காதில் வாயை வைத்தாள். சூடான மூச்சு. "இவங்களும் தெரிஞ்சுக்கிட்டேதாம்மா கேக்கறாங்க. அந்தப் போலீஸ்காரன் கையிலயும் அட்டை இருந்துச்சு. பாத்துட்டுத்தான் எங்கிட்ட கேட்டான்."

ஃபெர்மினா அதையும் போனிடம் சொன்னாள். குரல் அதையும் இங்கிலீஷில் சொன்னது. அந்த டீச்சர் ஆறு மாதமாகத் தினமும் காலையில் சிரித்த முகத்தோடு இப்படிப்பட்ட கேள்விகளையே கேட்டிருக்கிறாள். இன்று என்ன கிழமை, இது என்ன நிறம், உன் பெயர் என்ன.

"டீச்சர் டாக்டர்கிட்ட சொல்றாங்க, அப்பா விஷயத்த எழுத வேணாம்னு," என்றது குரல், தாழ்ந்து. "அவரு, கேட்டத எழுதறது தன் கடமைங்கறாரு. டீச்சர் சொல்றாங்க, இது பிள்ளையோட புத்தியப் பத்தின கூட்டம், அப்பாவோட அட்டையப் பத்தின கூட்டம் இல்லன்னு. இப்போ அவரு... சரி, சோதனை செல்லாது, மறுபடி பாக்கணும்னு மட்டும் எழுதறேங்கறாரு. கையெழுத்து வேணாமாம்."

டாக்டர் எழுதியிருந்த தாளைக் கிழித்தெடுத்தார். புதுத் தாளில் இரண்டு வரி எழுதினார். கிழித்த தாளைக் குப்பையில் போடவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறதியாகவும் இருக்கலாம். ஃபெர்மினா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றாள் போனிடம், "நாம பேசறது எங்கயாவது பதிவாகுதா?"

"தெரியலக்கா," என்றது குரல். "சத்தியமா எனக்குத் தெரியாது."

அவள் மகளைத் தன் முன்னால் நிறுத்தினாள். "இனிமே டீச்சர்கிட்ட பேசலாம்."

தொமாசா யோசித்தாள். "அப்பா பேரச் சொல்லலாமா?"

"அது வேணாம்."

"நம்ம ஊரு பேரு?"

"வேணாம்."

"நீ வேலை செய்யற எடம்? வீட்டுக்குப் போற வழி?"

"வேணாம்."

"அப்போ எதம்மா சொல்றது?"

குரல் அந்தக் கேள்வியையும் மொழிபெயர்த்துவிட்டது, யாரும் கேட்காமலே. மிஸ் ஹோல்ம் ஃபெர்மினாவின் பக்கம் திரும்பிப் பேசினாள். "டீச்சர் சொல்றாங்க, நாளையிலேருந்து அவகிட்ட எதையும் கேக்கப் போறதில்லன்னு. பக்கத்துல உக்காந்து வேலை செய்வாங்களாம். அவளா சொன்னா சொல்லட்டும், சொல்லலன்னா வேண்டாம். இப்படி அவங்க செஞ்சதே இல்லையாம், எப்படிச் செய்யணும்னு தெரியலையாம். நீங்க வீட்ல எப்படிச் செய்வீங்கன்னு கேக்கறாங்க."

"கைய மெதுவா அசைக்கச் சொல்லு," என்றாள் ஃபெர்மினா. "அவ பாக்கற மாதிரி."

வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. சனியும் ஞாயிறும் அவள் ஜன்னல் திரையை விலக்கவில்லை. கல்லில் சக்கரம் உரசும் ஒவ்வொரு சத்தத்துக்கும், வீட்டில் ஆள் இல்லாததுபோல் அடுப்பை அணைத்தாள். திங்கள், செவ்வாய், ஒன்றும் இல்லை.

புதன்கிழமை ஆலையில் ஏதோ இயந்திரம் நின்று, வேலையை ஒரு மணிக்கே முடித்து அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் விட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூட வேலி ஓரம் காரை நிறுத்தினாள். தொமாசாவின் வகுப்பு தெருவைப் பார்த்த வகுப்பு, ஜன்னல் வழியே உள்ளே தெரிந்தது.

தாழ்வான மேசை அருகே மிஸ் ஹோல்ம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து விதைகளைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, ஒவ்வொன்றாக, கை தெரிகிற மாதிரி. எதிரில் தொமாசா. சுற்றி வேறு பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். தொமாசா நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, டீச்சர் தப்பான கிண்ணத்தில் போட்ட ஒரு விதையை எடுத்துச் சரியான கிண்ணத்தில் போட்டாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

தொமாசாவின் உதடு அசைந்தது.

ஃபெர்மினா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொல்லோடு நிற்கவில்லை. பிள்ளை பேசிக்கொண்டே இருந்தாள், வீட்டில் மாவு தட்டும்போது பேசுவதுபோல, கையை ஆட்டி, தலையைச் சாய்த்து, ஆறு மாதத்தையும் ஒரே மூச்சில். மிஸ் ஹோல்ம் விதைகளை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் கதவருகே யாரோ ஒரு பெரியவர் வந்து நின்று அவரும் கேட்டார். ஜன்னல் கண்ணாடியில் பட்ட வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை.

ஃபெர்மினா கார் ஜன்னலை இறக்கினாள். காற்றும் ஆலை நாற்றமும்தான் உள்ளே வந்தன. அங்கே தொமாசா ஒரு விரலை மடக்கினாள், இன்னொரு விரலை மடக்கினாள், யாரையோ எதையோ எண்ணிச் சொல்கிறாள். அப்பா பெயரா, ஊர்ப் பெயரா, வெறும் விதைகளா, என்ன சொல்கிறாள் என்பது இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை.